புல் மெஷின் கடிதத்தின் நான்காம் பத்தி

எந்தக் காகிதத்தையும் பாதியில் விட முடியாத நோய் எனக்கு. கொசுவர்த்திப் பெட்டியின் அடிப்பக்கம், ரைஸ் குக்கருக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், கேஸ் தோம்பின், அந்தச் சிலிண்டரின், கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாவற்றையும் கடைசி எழுத்துவரை படித்தால்தான் என் கை அதைக் கீழே வைக்கும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கண்ணாடி இல்லாமல் பொடியெழுத்து தெரிவதில்லை. ஆனாலும் பொடியெழுத்தைத்தான் முதலில் தேடுகிறேன். தேடித் தேடிக் களைத்துப்போகிறேன். களைப்புதான் ஆபத்து என்று தெரிந்ததால் மறுபடியும் தேடுகிறேன்.

எண்பதுகளில் கிள்ளானில் ஒரு மெஷின் கடையில் எனக்குக் கிராணி வேலை, பில்லும் கணக்கும் கடிதமும் எழுதுவது. தண்ணீர் பம்பு, மரம் அறுக்கும் செயின்சா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் டாங்கி, புல் மெஷின். கடைக்குள் நுழைந்தாலே பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் போகாது. அந்த வாடை எங்கே வந்தாலும் இன்னும் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

புல் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் தோளில் மாட்டிக்கொண்டு இடமும் வலமுமாக வீசிக்கொண்டு போவாரே, அது. ஒரு பக்கம் இன்ஜின், அதிலிருந்து நீளும் குழாய், குழாயின் நுனியில் சுழலும் பிளேடு. பிளேடு பறந்துபோகாமல் அதைக் கவ்விப் பிடித்திருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தட்டும் ஒரு நட்டும்தான். பார்க்க ஒன்றுமேயில்லாத தட்டு. மெஷினை ஓட்டுகிறவரின் கால்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன.

என் அண்ணனின் கால்களும் அப்படித்தான் நின்றன. எனக்கென்று இருந்த ஒரே கூடப்பிறப்பு அவர். நான் கிள்ளானில் வாடகை அறையில் இருந்தேன். அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தார். நகராட்சிப் புல்லை ஒப்பந்தம் எடுத்த ஒரு கொந்திரெக்டரிடம் வேலை. காலையில் லோரியில் ஏற்றிப் பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா என்று கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வரும்போது அவர் புருவத்தில்கூடப் பச்சைத் தூள் ஒட்டியிருக்கும். "குளிச்சிட்டுத்தான் வந்தேன் லா" என்பார். குளித்திருப்பார். ஆனால் புல் அவரை விட்டுப் போகாது. இந்த ஊரில் புல்லுக்கு அலுப்பே கிடையாது. வெட்டிய இடத்தில் மூன்று வாரத்தில் முழங்கால் உயரம் நிற்கும். மழை, வெயில், மழை, வெயில். மனிதன்தான் அலுத்துப்போகிறான்.

அந்தக் கடிதம் ஒரு காலையில் வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஏஜெண்டின் முத்திரை, உள்ளே மெஷின் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆங்கிலக் கடிதம், கூடவே திருப்பி அனுப்ப ஒரு கார்டு. மேலே தடித்த எழுத்தில் 'சேஃப்டி ரீகால்' என்றிருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே அதை என் மேசையில் தள்ளிவிட்டு மலாயில் கேட்டார்: "நீ படிச்சவ லா. என்ன வேணுமாம் இவங்களுக்கு?"

படித்தேன். ஆறு பத்திகள். முதல் பத்தி மரியாதை. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட தடவையில் வார்த்த பிளேடுத் தட்டுகளில் இரும்பு சரியில்லை, வேலை நடக்கும்போதே வெடித்துப் பிளேடு கழன்று பறக்கலாம் என்றது. மூன்றாவது, இந்த நம்பரிலிருந்து இந்த நம்பர்வரை இன்ஜினில் அடித்திருக்கும் மெஷின்களை உடனே நிறுத்து, கடைக்குக் கொண்டு வா, தட்டை இலவசமாக மாற்றித் தருவார்கள் என்றது. நான்காவது நீளமான பத்தி; பாகங்களைக் கழற்றி மாற்றியிருந்தால், தட்டின் உட்புறம், பள்ளமான குறி என்று என்னென்னமோ. கண் அதன்மேல் சறுக்கிக்கொண்டு போயிற்று. ஐந்தாவது, கழற்றிய தட்டுகளைக் கார்டோடு திருப்பி அனுப்பு. ஆறாவது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

தவுக்கே மோவாயைச் சொறிந்தார். "இத கடை வாசல்ல ஒட்டினா, நாளைக்கு யாரு நம்ம மெஷின வாங்குவா?" கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "ஒட்ட வேணாம். ஆனா வாங்கின ஆள ஒவ்வொருத்தனா பிடிச்சு சொல்லிடு. எவன் காலாவது போனா எனக்குத் தூக்கம் வராது."

நல்ல மனிதர்தான். நானும் மோசமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பில் புத்தகத்தைப் புரட்டியபோது, அந்த நம்பர்களில் பெரும்பாலானவை ஜெஞ்சாரோம் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களுக்குப் போயிருந்தன. அவர்கள் கடைக்கு வந்துபோகிறவர்கள், ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் நான்கு. அந்த நான்கையும் வாங்கியது அண்ணனின் கொந்திரெக்டர். அவரிடம் மொத்தம் பன்னிரண்டு மெஷின்கள் இருந்தன. எது எந்த நம்பர் என்று அவருக்கே தெரியாது.

தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் கொந்திரெக்டரின் மெஷின் ஸ்டோரில் படிப்பார்கள் என்று ஒரு பெரிய தாளில் மார்க்கர் பேனாவால் எழுதினேன். 'அபாயம். கீழே உள்ள நம்பர் மெஷின்களை ஓட்டாதீர்கள். கடைக்குக் கொண்டு வாருங்கள்.' ஆறு பத்தியை மூன்று வரியாக்கிய திருப்தி. வேலை செய்து களைத்தவனுக்கு ஆறு பத்தி எதற்கு, நம்பர் போதாதா என்று ஒரு கர்வம்கூட. எழுதிய பிறகு தாளைத் தள்ளி வைத்து அழகு பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நம்பர்களைப் பார்க்க நல்ல நாள் தானாகவே வந்தது. ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பன்னிரண்டு மெஷினும் ஓரிடத்தில் சும்மா இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகைதான் ஸ்டோர். நான் போனபோது மெஷின்களை வரிசையாகப் பாயில் கிடத்தி, இன்ஜினுக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, குழாய்களில் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம், குங்குமம் தடவிய பூசணிக்காய். பிளேடுகள் வெள்ளியாய் மின்னின.

நம்பர் தகடுகளின் மேல்தான் சந்தனம் அப்பியிருந்தது. நான் குனிந்து கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஐயையோ, இமிகிரேசன்காரங்க வந்துட்டாங்க டோய்!" என்று கத்தினார் அங்கே வேலை செய்த ஒரு வயதானவர். "மெஷினுக்கெல்லாம் ஐ.சி. கார்டு செக் பண்றாங்க. இல்லாதவன் எல்லாம் பின்பக்கமா ஓடு!"

"நீ மொதல்ல ஓடுண்ணே. ஒன் ஐ.சி.ல இருக்கிற படம் ஒங்கப்பாரோடது மாதிரில இருக்கு" என்றார் இன்னொருவர்.

என் அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "நேத்து பொழுது பூரா பிரிச்சு, தட்டு நட்டு வாஷர் ஒன்னு விடாம மண்ணெண்ணெயில முக்கி, கல்யாணப் பொண்ணாட்டம் ஆக்கி வச்சிருக்கோம். நீ வந்து பொண்ணுக்கு மேக்கப்ப சொரண்டுற."

"பன்னெண்டையுமா பிரிச்சீங்க?"

"பின்ன? ஒரே டிரம்மு. பன்னெண்டு பேருக்கும் ஒரே குளியல் லா."

கேட்டேன். இந்தக் காதால் கேட்டேன். சிரிக்கவும் செய்தேன்.

நான்கு நம்பர்களும் கிடைத்தன. அண்ணனின் மெஷின் அந்த நான்கில் இல்லை. அவர் மெஷினை எல்லோருக்கும் தெரியும், கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருப்பார். அதன் தகட்டை மூன்று முறை தேய்த்துப் பார்த்தேன். பட்டியலில் இல்லவே இல்லை. என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. "ஒன்னோடது தப்பிச்சது" என்று அவர் நெற்றியில் என் விரல் சந்தனத்தைத் தடவிவிட்டேன்.

"நான் வாங்கி வந்த வரம் அப்படி" என்றார். நான் எழுதிய தாளை அவரே கதவில் பசை தடவி ஒட்டினார். பூசணிக்காயை அவர்தான் உடைத்தார். நான்கு மெஷின்களும் மறுநாளே கடைக்கு வந்தன. கடை மெக்கானிக், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடும் சீனர், தட்டுகளை மாற்றிப் பழைய நான்கையும் ஒரு பால் டின்னில் போட்டு என் மேசையடியில் வைத்தார். மெஷின்கள் திரும்பிப் போய்விட்டன. முடிந்தது என்று இருந்தேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, கார்டை நிரப்பி அனுப்ப உட்கார்ந்தேன். தோட்டக்காரர்களின் தட்டுகளை அங்கிள் முன்பே கட்டி வைத்திருந்தார்; கொந்திரெக்டருக்கு நேரே, 'சோதித்த மெஷின்கள்' என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். பிறகு பால் டின்னிலிருந்த நான்கு தட்டுகளையும் செய்தித்தாளில் சுற்ற எடுத்தேன். ஒன்றின் உட்புறத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நான்காவதிலும் இல்லை.

ஏன் ஒன்றில் மட்டும் என்று கடிதத்தை மறுபடி எடுத்தேன். நான்காம் பத்தி. அன்றுதான் அதை நிறுத்திப் படித்தேன். கெட்ட தட்டுகளின் உட்புறம் வட்டமான சின்னப் பள்ளம் இருக்கும். ஒரே இடத்தில் பல மெஷின்கள் வைத்திருப்பவர்கள் பாகங்களைக் கழற்றி மாற்றிப் பூட்டியிருக்கக்கூடுமானால் இன்ஜின் நம்பரை நம்பக்கூடாது. அங்கிருக்கும் ஒவ்வொரு மெஷினின் தட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கும்வரை எதையும் ஓட்டக்கூடாது.

ஒரே டிரம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே குளியல்.

மற்ற மூன்று கெட்ட தட்டுகளும் அந்தத் தகரக் கொட்டகையில் எந்தெந்த மெஷினிலோ பூட்டிக் கிடந்தன. குளிப்பாட்டிய கைகளுக்குத் தட்டெல்லாம் ஒன்றுதான். கதவில் என் எழுத்து இருந்தது, இந்த நம்பர்கள்தான் அபாயம் என்று. அதைப் படித்தவன் என்ன புரிந்துகொள்வான்? மற்றதெல்லாம் பயமில்லை என்றுதானே.

இந்த இடத்தில் வேறு மாதிரி எழுதிவிடலாமா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன் என்று. ஓடவில்லை. தவுக்கே அன்று கடையில் இல்லை. கொந்திரெக்டர் வீட்டுக்கு இரண்டு முறை போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. வெளியே அக்டோபர் மழை கூரையை இடித்துக்கொண்டிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் போக இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்பவும் இரண்டு. காலையிலிருந்து நின்ற கால் கனத்தது. பத்து நாள் கழலாத தட்டு நாளைக்கா கழன்றுவிடப்போகிறது என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அதை நான் எதிர்த்துப் பேசவில்லை. அறைக்குப் போய் மெகி நூடுல்ஸ் சமைத்துத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அடித்தேன். கொந்திரெக்டரின் மனைவி எடுத்தார்.

"அவரு ஈப்போ போயிருக்காருமா. நாளைக்குத்தான் வருவாரு. அவசரமா?"

"அவசரம்னு இல்லக்கா. மெஷின் விஷயந்தான். வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க."

அவசரம்னு இல்லக்கா. என் வாயில் எப்படி வந்தது அது? நாம் அப்படித்தான் பேசுவோம். யார் வீட்டுக்குப் போனாலும் 'சாப்பிட்டாச்சு' என்போம், சாப்பிட்டிருக்க மாட்டோம். இன்னொருவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்ல வளர்ப்பு. தவுக்கேயிடமும், போன் பண்ணியாச்சு என்றேன். "அப்ப சரி" என்றார்.

புதன்கிழமை காலை பத்தரைக்குக் கடை போன் அடித்தது. கொந்திரெக்டர். வந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தேன், வந்ததும் கூப்பிட்டார்.

"நீ போன் பண்ணுனியாமே. அத அப்புறம் பேசிக்கலாம்மா. உங்கண்ணனுக்குக் கால்ல அடி. சுபாங் ஜெயாவுல. பிளேடு கழண்டுருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. "மத்த மெஷின நிறுத்துங்க" என்று கத்தினேன். "எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒன்னையும் ஓட்டாதீங்க." இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தைகள். எத்தனை சுலபமாக வந்தன, எத்தனை கொஞ்சம் அவை.

அண்ணனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாயங்காலம்வரை பார்க்க விடமாட்டார்கள் என்றார்கள். தவுக்கே வேனை எடுத்தார். அங்கிளோடு முதலில் ஸ்டோருக்குப் போனேன். லோரி மெஷின்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. ஐ.சி. என்று கத்திய அந்த வயதானவர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தட்டு தட்டாகக் கழற்றித் திருப்பினோம். நான்காவது மெஷினில் ஒன்று. ஒன்பதாவதில் ஒன்று. ஒன்பதாவது அந்த வயதானவருடையது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே போய்த் தண்டவாளத்தைப் பார்த்து நின்றார். மூன்றாவது தட்டு சுபாங் ஜெயாப் புல்லில் இரண்டாக உடைந்து கிடந்தது. சிவப்பு டேப் சுற்றிய கைப்பிடியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பூட்ஸுக்கு மேலே, எண்ணெய் டப்பாவை வெட்டி அண்ணன் தானே செய்துகொண்ட ஒரு பிளாஸ்டிக் கவசத்தைக் கட்டியிருப்பார். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள், கிரிக்கெட் ஆடப் போறாரு என்று. அது இல்லையென்றால் கால் முழுதாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். நரம்பு அறுந்துவிட்டது, பாதம் மேலே தூக்க வராது, இனி இழுத்துத்தான் நடக்க வேண்டும். இன்றும் அப்படித்தான் நடக்கிறார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிளாட் கேட்டில் ஜாகா வேலை, காவல் காப்பது. உட்கார்ந்துகொண்டே, கேட்டுக்கு வெளியே புல் வெட்டுகிறவர்களிடம் "தட்டப் பாத்தியா, தட்டப் பாத்தியா" என்று கேட்டு வதைப்பாராம்.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் போனேன். கால் கட்டோடு உயரத்தில் கிடந்தது. நான் கொண்டுபோன தே ஓ பையின், பாலில்லாத ஐஸ் தேநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையின், ஸ்டிராவைக் கடித்துக்கொண்டே அண்ணன் கேட்டார்.

"கதவுல ஒட்டக் குடுத்தியே, அத எந்தப் பேப்பர்லேர்ந்து எழுதின?"

"கம்பெனி லெட்டர்ணே."

"இருக்கா?"

கைப்பையில்தான் இருந்தது.

"படி. பூராவும் படி. மூனு வரி வேணாம்."

முதல் பத்தியைத் தமிழில் சொன்னேன். மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு. "பரவால்ல, கும்புட்டுட்டுத்தான் கால எடுக்குறான்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை மெதுவாகப் படித்தேன், ஒவ்வொரு சொல்லாக, எதையும் விடாமல். இன்ஜின் நம்பரை நம்பக்கூடாது. ஒவ்வொரு மெஷினையும். பார்க்கும்வரை எதையும்.

அவர் ஸ்டிராவை வாயிலிருந்து எடுத்தார்.

"டிரம்மு" என்றார்.

"ஆமா."

"நாங்கதான மாத்திப் பூட்டினோம்."

"நீங்க மாத்துவீங்கன்னு இதுல எழுதியிருக்கே. நான்தான் ஒங்களுக்குச் சொல்லல."

அவர் கட்டிலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "இத நீ எப்பப் பாத்த?"

செவ்வாய் என்று சொல்லியிருக்கலாம். புதன் காலை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது.

"திங்கக்கெழம" என்றேன். "மத்தியானம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தே ஓ பையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஐஸ் கரைந்து பையின் வெளியே வேர்த்திருந்தது. வராந்தாவில் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"திங்கக்கெழம சரியான மழ" என்றார் கடைசியில்.

நான் அழ ஆரம்பித்தேன். "ஏ, இரு" என்றார், எரிச்சலோடு. "மத்த ரெண்டு தட்டு எங்க?"

செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் தட்டைத் திருப்பி, அந்தப் பள்ளத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். "இவ்ளோண்டுதானா" என்றார். திருப்பித் தந்தார். "அந்தக் கார்டு அனுப்பிட்டியா?"

"இல்ல."

"எத்தன மெஷின் பாத்தேன்னு எழுதியிருக்க?"

"நாலு."

"அடிச்சிட்டுப் பன்னெண்டுன்னு எழுது. அடிபட்டவங்கன்னு ஏதாச்சும் கட்டம் இருக்கா பாரு."

இருந்தது. கடிதத்தோடு மடித்து வைத்திருந்த கார்டின் பின்பக்கம், பொடியெழுத்தில். அதையும் நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கட்டில் விளிம்பில் கார்டை வைத்து ஒன்று என்று எழுதினேன். பேனா இரண்டு முறை மக்கர் செய்தது.